குண்டு நிரப்பும் ஆலையில் இரண்டு தோழிகள்: 1942 இங்கிலாந்துக் கதைக்கு வேண்டிய விவரங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷர் மாவட்டத்தில், குண்டுக்கு மருந்து நிரப்பும் அரசு ஆலையில் வேலை பார்க்கும் டோரிஸ், பெக்கி என்ற இரு பெண்களை வைத்து நாவல் எழுதுகிறீர்கள். டோரிஸ் ஒரு சிப்பாயைக் காதலிக்கிறாள். பெக்கிக்கு டோரிஸ் மேல்தான் காதல். அவர்களுடைய அன்றாடம் எப்படி இருந்திருக்கும், எழுதும்போது எங்கெல்லாம் தப்பு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கதைச் சுருக்கத்தில் காதல் முன்னால் நிற்கிறது, நட்பு பின்னால் திரைச்சீலை மாதிரி தொங்குகிறது. நிஜத்தில் அது தலைகீழ். ஷிஃப்ட், பஸ், ரேஷன் கூப்பன், விடுப்பு எல்லாம் ஒன்றுகூடி வந்தால்தான் காதலனின் முகத்தைப் பார்க்க முடியும். தோழி ஒருத்தி இல்லாமல் அவை ஒன்றுகூடி வரவே வராது. இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பாதிக் காட்சிகள் தாமாகவே சரியாகிவிடும்.

முதலில், இவர்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள்? 1941 ஏப்ரலிலிருந்து பெண்கள் வயது வாரியாக வேலைப் பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் வந்த சட்டம் 20 முதல் 30 வயதுக்குட்பட்ட மணமாகாத பெண்களைக் கட்டாயச் சேவைக்குள் கொண்டுவந்தது. ராணுவத் துணைப்படை, குடிமக்கள் பாதுகாப்பு, தொழிற்சாலை என்று தேர்ந்தெடுக்க இடம் கொடுத்தார்கள். வீட்டுப் பொறுப்பு இல்லாத பெண்ணை ‘நகர்த்தக்கூடியவர்’ என்று குறித்துவிட்டால், அவளை எந்த ஊருக்கும் அனுப்பலாம். குடும்பத்தை நடத்தும் மனைவிமார்களை வீட்டை விட்டுத் தூரமாக அனுப்புவதில்லை. டோரிஸ் வடகிழக்கில் ஏதோ ஒரு ஊரிலிருந்து தெரியாத ஊருக்கு ரயிலேறி வருவதற்கு இதுவே போதிய காரணம். நீங்கள் எழுதியதுபோல ‘தேசபக்தியால் ஓடிவந்தாள்’ என்று இருந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலோருக்கு வந்தது ஒரு கடிதம், கூடவே ஒரு ரயில் டிக்கெட். அவ்வளவுதான்.

வயதையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். அன்று 21 வயது நிறையாதவர் திருமணம் செய்ய அப்பா அம்மா சம்மதம் வேண்டியிருந்தது. டோரிஸுக்கு 20 என்று வைத்தால் கல்யாணத்துக்கு அப்பாவின் சம்மதம் கையெழுத்தோடு வர வேண்டும். 22 என்றால் வேண்டாம். இந்த ஒரு எண்ணே கதையில் ஒரு அத்தியாயத்தைக் கூட்டும், இல்லையென்றால் குறைக்கும்.

ஸ்டாஃபர்ட்ஷரில் இருந்தது ஸ்வின்னர்ட்டன் ஆலை. லங்காஷரில் சோர்லி, தெற்கு வேல்ஸில் பிரிட்ஜெண்ட், டர்ஹமில் எய்க்ளிஃப் என்று இதே மாதிரி ஆலைகள் வேறு இடங்களிலும் இருந்தன. வேலைமுறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஸ்வின்னர்ட்டனுக்கென்று கோல்ட் மீஸ் என்ற ரயில் நிலையத்தை 1941இல் திறந்தார்கள். பொதுமக்களுக்கான கால அட்டவணையில் அதன் பெயர் இருக்காது. ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றி இறக்கவே ரயில் வரும். தூரத்திலிருந்து வந்த பெண்களுக்காகச் சுற்றுவட்டாரத்தில் ஹாஸ்டல்கள் கட்டி, கடற்படைத் தளபதிகளின் பெயரை வைத்தார்கள்: டிரேக், ராலே, நெல்சன், இப்படி. அதில் டிரேக் ஹால் இன்று பெண்கள் சிறைச்சாலை. இந்தத் தகவல் உங்கள் கதைக்கு வேண்டியதில்லைதான், ஆனால் தெரிந்து வைத்திருங்கள்.

இனி ஆலைக்குள். மருந்து கையாளும் பகுதிக்குப் போகும் வழியில் உடைமாற்றும் கூடம் ஒன்று இருக்கும். அதன் நடுவே சிவப்புக் கோடு, பெரும்பாலும் தாழ்வான ஒரு தடுப்பு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ‘அழுக்குப் பக்கம்’, அந்தப் பக்கம் ‘சுத்தப் பக்கம்’. அழுக்கு என்றால் சேறு சகதி மட்டும் இல்லை. தீப்பொறி தரக்கூடிய எதுவும் அழுக்குதான். இந்தப் பக்கம் மேல்சட்டை, பை, கைக்கடிகாரம், தோடு, சங்கிலி, சிகரெட், தீப்பெட்டி எல்லாவற்றையும் மாட்டிவிட்டோ பூட்டிவிட்டோ வர வேண்டும். பிறகு தடுப்பின்மேல் உட்கார்ந்து வெளிச் செருப்பைக் கழற்றி, காலைத் தரையில் வைக்காமலே அந்தப் பக்கம் திருப்பி, அங்கே இருக்கும் ஆணியில்லாத செருப்புக்குள் நுழைக்க வேண்டும். அங்கி வெளிர் நிறத்தில் இருக்கும். அதில் உலோகப் பொத்தான் இருக்காது, பாக்கெட்டும் இருக்காது. தலைமுடி முழுவதையும் துணித் தலைப்பாகைக்குள் அடக்க வேண்டும். பட்டு உள்ளாடைக்கும் தடை, உராய்ந்தால் மின்னேற்றம் வரும். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி புதிதாகத் தெரியாது. பருத்தி உடுப்பு, பித்தளை அல்லது மரக் கருவி, அறைக்கு இத்தனை பேர் இத்தனை எடை மருந்து என்று கதவில் எழுதிய பலகை என எல்லாம் அதே தர்க்கம்தான்.

இங்கேதான் நட்பு ஆரம்பிக்கிறது. தன் பின்னந்தலையைத் தானே பார்க்க முடியாது. தலைப்பாகைக்குள் ஒரு ஹேர்கிளிப் மறந்து நின்றிருந்தால் அதைக் கண்டுபிடிக்கிறவள் பக்கத்தில் நிற்கும் தோழி. சோதனைக்காரப் பெண் வந்து கண்டுபிடித்தால் விஷயம் முடிந்தது. தீப்பெட்டியோ சிகரெட்டோ அகப்பட்டால் எச்சரிக்கையோடு விடமாட்டார்கள். கோர்ட்டு, அபராதம், சில சமயம் ஜெயில்வரைகூடப் போகும். அதனால் கூடத்திலேயே ஒருவர் தலையை ஒருவர் தடவிப் பார்ப்பது சாதாரண வழக்கமாகிவிடும். பெக்கி டோரிஸின் தலைமுடியைத் தொடுகிற காட்சி உங்களுக்கு வேண்டுமா? நிலவொளியில் தேடாதீர்கள். தினமும் இங்கே, ஐம்பது பேர் பார்க்க, அரை நிமிஷத்தில் நடக்கும். யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள், பெக்கியைத் தவிர.

கல்யாண மோதிரம்தான் இதில் தனி விவகாரம். மற்ற நகையைக் கழற்றச் சொன்னால் கழற்றுவார்கள். கல்யாண மோதிரத்தைக் கழற்றப் பலருக்கு மனம் வராது, சிலருக்கு விரல் வீங்கிக் கழலவும் கழலாது. அப்போது மோதிரத்தை மூடி விரலைச் சுற்றி ஒட்டுத்துணி சுற்றுவார்கள். ஒற்றைக் கையால் அதை இறுக்கமாகச் சுற்ற முடியாது, இன்னொருத்தி சுற்றிவிட வேண்டும். டோரிஸுக்குக் கல்யாணமாகித் திரும்பி வருகிற முதல் ஷிஃப்டில், அந்த மோதிரத்தின் மேல் துணி சுற்றிவிடுகிறவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாக்கெட் இல்லை என்றேன். ஆகவே உங்கள் நான்காம் அத்தியாயத்தில் டோரிஸ் வேலை மேசையில் உட்கார்ந்து கடிதத்தை எடுத்துப் படித்து அழுவது நடக்காது. கடிதம் அழுக்குப் பக்கத்து லாக்கரில்தான் கிடக்கும். காலையில் வந்த கடிதத்தைப் பிரிக்க நேரமில்லாமல் பூட்டிவிட்டுப் போய், எட்டு மணிநேரம் அதையே நினைத்துக்கொண்டு டெட்டனேட்டர் (குண்டை வெடிக்கவைக்கும் சின்னக் குப்பி) அடைக்கிற பெண்ணை எழுதுங்கள். அது நடந்திருக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது, கவனம் கையில் இல்லாமல் போவதில்.

அந்த வேலை என்ன என்பதையும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஆலை பல ‘குரூப்’களாகப் பிரிந்திருக்கும். முதல் குரூப்தான் எல்லோரும் பயப்படுவது. டெட்டனேட்டரும், தட்டினால் தீப்பற்றும் கேப்பும் அங்கேதான். பாதரச ஃபல்மினேட், ஈய அசைடு போன்ற மருந்துகள் தீ வைக்காமலே வெடிப்பவை. ஓர் உரசல், ஓர் அழுத்தம், கீழே விழும் ஒரு தட்டு போதும். அதனால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெட்டியில் வைத்து எடுத்துவருவார்கள். எடுத்துவருகிறவள் நடைபாதையில் வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள், ஓட்டம், கேலி, தோளில் தட்டல் எதுவும் கிடையாது. மேசையில் தடித்த தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டி, சின்னஞ்சிறு உலோகக் குப்பிக்குள் அளவு மருந்தைப் போட்டு அழுத்த வேண்டும். தடுப்பு முகத்தையும் மார்பையும் காக்கும், விரலைக் காக்காது. இங்கே நடந்த விபத்துகளில் விரலும் கண்ணும் போனவைதான் நிறைய. கட்டடங்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தள்ளி, சுற்றிலும் மண்மேடு, மேலே லேசான கூரை. வெடித்தால் விசை மேல்நோக்கிப் போய்விட வேண்டும், பக்கத்துக் கட்டடம் பற்றக்கூடாது என்பது கணக்கு. உள்ளே இருக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கில் பெரிய இடம் இல்லை. பக்கத்து இருக்கைக்காரி நேற்று தூங்கவில்லை, இன்று கை நடுங்குகிறது என்று தெரிந்துகொள்வது உயிர்ப் பிரச்சினை. இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் அவ்வளவு கூர்ந்து கவனித்தார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

இடி மின்னல் நெருங்கினால் ஆபத்துக் கட்டடங்களைக் காலி செய்துவிட்டு ஓரிடத்தில் காத்திருப்பார்கள். வேலையும் இல்லாமல் வீட்டுக்கும் போக முடியாமல் கிடைக்கிற அந்த நேரம், பேச்சுக் காட்சி எழுத அருமையான இடம். இதைப் பயன்படுத்தியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

மஞ்சள் நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் உலகப்போரில் டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் கையாண்ட பெண்களை ‘கேனரிப் பெண்கள்’ என்று மஞ்சள் குருவியின் பெயரால் அழைத்தார்கள். அந்த விஷம் கல்லீரலைத் தாக்கும். அப்போது காமாலை வந்து செத்தவர்களும் உண்டு. இரண்டாம் போரில் காற்றோட்டமும் மருத்துவச் சோதனையும் கூடியதால் நிலைமை தேறியது. ஆனால் நிறம் போகவில்லை. இம்முறை அதிகம் கறைப்படுத்தியது டெட்ரில் என்ற மஞ்சள் பொடி. அதை அழுத்தி வில்லைகளாக்கும் பகுதியில் இருந்தவர்களுக்குக் கை, கழுத்து, முகம் எல்லாம் மஞ்சளாகும், தோல் அரிக்கும், தடிக்கும். தலைப்பாகைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் முன்நெற்றி முடி செம்பட்டையாகும். முகத்துக்குத் தடுப்புக் கிரீம் கொடுத்தார்கள், அதைத் தாண்டியும் பிடிக்கும். குளித்தாலும் போகாது. வியர்வையோடு தலையணை உறையிலும் படுக்கை விரிப்பிலும் இறங்கும். நம் ஊரில் மஞ்சள் பூசிய கை கல்யாண வீட்டை நினைவுபடுத்தும். அங்கே நடன அரங்கில் மஞ்சள் கையைப் பார்த்ததும் எந்த ஆலை, எந்தப் பகுதி என்று ஊருக்கே தெரிந்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு ஆட வரும் பெண் ஒருத்தியைக் காட்டுங்கள், விளக்கம் சொல்லாமலே வாசகர்கள் புரிந்துகொள்வார்கள். ஒரு எச்சரிக்கை: ஆலையில் எல்லோரும் மஞ்சளாக இருக்கமாட்டார்கள். கார்டைட் என்ற, குண்டை உந்தித் தள்ளும் மருந்தை நிரப்பும் பகுதியிலும் பெட்டி கட்டும் பகுதியிலும் இருந்தவர்களுக்கு இது வராது. டோரிஸை டெட்ரிலில் போட்டு, பெக்கியைப் பெட்டி கட்டுவதில் போட்டால் பெக்கியின் கை வெள்ளையாகவே இருக்க வேண்டும்.

இனி ஷிஃப்ட். எட்டு மணிநேரம் வீதம் மூன்று ஷிஃப்ட். காலை 6 முதல் பகல் 2, பகல் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஆலைகளில் ஒரு மணிநேரம் முன்பின் இருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறப் பெயர் வைத்து வாரம் ஒருமுறை சுழற்றுவது பல ஆலைகளில் இருந்த முறை. இதைக் காதலோடு பெருக்கிப் பாருங்கள். காலை ஷிஃப்ட் வாரத்தில் மாலை கைவசம், நடன அரங்குக்குப் போகலாம். பகல் ஷிஃப்ட் வாரத்தில் வெளியே வரும்போது இரவு 10, எல்லாம் மூடியாயிற்று. இரவு ஷிஃப்ட் வாரத்தில் பகலில் தூங்கி, எழுந்து, மதியக் காட்சி சினிமா பார்த்தால் உண்டு. ஆக, மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் காதலிக்க முடியும். சிப்பாய்க்கு 48 மணிநேர பாஸ், அதாவது விடுப்புச் சீட்டு, கிடைக்கிற நாள் அந்த வாரத்தில் விழ வேண்டும். விழாவிட்டால்? வேறொரு நிறத் தொகுதிக்காரியோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள மேற்பார்வையாளரைக் கெஞ்ச வேண்டும், மாற்றிக்கொள்ள ஒருத்தி சம்மதிக்கவும் வேண்டும். சொல்லாமல் நின்றால் அத்தியாவசிய வேலை உத்தரவின்கீழ் வழக்கு வரைக்கும் வரலாம். கணவன் விடுப்பில் வந்தால் சில நாள் விடுப்புக் கொடுப்பது பெரும்பாலும் உண்டு. காதலனுக்கு அந்தச் சலுகை கிடையாது. போகும் வரும் நேரத்தையும் கூட்டுங்கள். ஒரு வேளைக்கு ஒரு மணி, இரண்டு மணி என்று பஸ்ஸிலும் ரயிலிலும் போனவர்கள் ஏராளம். பெண்கள் பாடிக்கொண்டும், தூங்கி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டும் வந்தது அந்த ரயில்களில்தான்.

ஒளி விஷயத்தில் பெரும்பாலோர் வழுக்குவார்கள். எதிரி விமானத்துக்குத் தெரியாதபடி ஊரையே இருட்டாக்கும் விளக்கணைப்பு 1939 செப்டம்பரில் தொடங்கியது, தெரியும். ஆனால் 1941 முதல் போர்க் காலக் கோடைகளில் கடிகாரத்தை இரண்டு மணிநேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். ஜூன் மாதத்தில் ஸ்டாஃபர்ட்ஷரில் சூரியன் மறைய இரவு பத்தரை ஆகும். நீங்கள் எழுதியிருக்கும் ‘ஜூன் மாத இரவு ஒன்பது மணி, கும்மிருட்டில் அவன் அவளை முத்தமிட்டான்’ என்ற வரியில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மாறாக, குளிர்காலத்திலும் ஒரு மணிநேரம் முன்னேதான் ஓடியது. டிசம்பரில் பொழுது விடிய ஒன்பது மணி தாண்டும். காலை ஷிஃப்ட் பெண் இருட்டில் போய், மூன்றரை மணிநேரம் வேலை பார்த்த பிறகுதான் வெளியே வெளுக்கும். முத்தத்தை டிசம்பருக்கு மாற்றுங்கள். டார்ச் வெளிச்சத்தை மெல்லிய காகிதத்தால் மங்கலாக்கியிருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

நடன அரங்கில் ஆண்கள் குறைவு, பெண்ணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது வெகு சகஜம். அரங்கம் வேண்டாம் என்றால் கேன்டீன் இருக்கிறது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் போர்த் தளவாட ஆலையில் கேன்டீன் வைத்தே ஆகவேண்டும் என்ற உத்தரவு 1940இல் வந்துவிட்டது. பி.பி.சி. 1940 ஜூன் முதல் காலை 10:30க்கும் மாலை 3 மணிக்கும் தொழிலாளர்களுக்கென்றே அரைமணி நேர இசை ஒலிபரப்பியது. ஒரு அமெரிக்கப் பாட்டை அந்த நிகழ்ச்சியில் போடக்கூடாது என்று விலக்கி வைத்தார்கள், அதில் கைதட்டும் இடம் வரும், ஆட்கள் கருவியை விட்டுவிட்டுத் தட்டுவார்கள் என்று. டெட்டனேட்டர் ஆலையில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே சிரிப்பும் பயமும் வருகிறது.

கடிதப் போக்குவரத்தைக் கொஞ்சம் கவனமாகக் கையாளுங்கள், கதையின் அச்சே அதுதான். அவன் உள்நாட்டு முகாமில் இருக்கும்வரை கடிதம் ஓரிரு நாளில் வரும். வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டால் சாதாரணக் கடிதம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்து சேர மாதக்கணக்காகும். இதற்கு மாற்றாக 1941இல் ஏர்கிராஃப் வந்தது. குறிப்பிட்ட படிவத்தில் ஒரே பக்கம் எழுத வேண்டும், அதைச் சின்னப் படச்சுருளில் படமெடுத்து விமானத்தில் அனுப்பி, இங்கே உள்ளங்கையளவு காகிதத்தில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். கட்டணம் 3 பென்ஸ். வேகமானது, ஆனால் எத்தனையோ பேர் கண்ணில் பட்டுத்தான் வரும். சிப்பாயின் கடிதத்தை அவனுடைய சொந்த அதிகாரியே தணிக்கை செய்வார், எந்த ஊர் என்று எழுத முடியாது. அவளும் என்ன வேலை செய்கிறாள் என்று எழுதமாட்டாள். இரண்டு பக்கமும் சொல்லக்கூடாதது நிறைய இருக்கும்போது கடிதத்தில் மிஞ்சுவது சாப்பாடும் மழையும் ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்பதும்தான். போர்க்காலக் கடிதங்கள் அலுப்பூட்டுவதாகத் தோன்றுவது இதனால்தான், எழுதியவர்களிடம் குறை இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. அவன் செத்தால் அரசாங்கத் தகவல் அவனுடைய நெருங்கிய உறவுக்குப் போகும். கல்யாணமாகியிருந்தால் மனைவிக்கு, இல்லையென்றால் பெற்றோருக்கு. காதலிக்கோ நிச்சயமான பெண்ணுக்கோ அரசாங்கத்திடமிருந்து ஒரு வரி வராது. அவனுடைய அம்மாவுக்கு டோரிஸைத் தெரிந்திருந்து, கடிதம் போட மனமும் இருந்தால் உண்டு. இல்லையென்றால் அவள் அனுப்பிய கடிதமே முத்திரை குத்தித் திரும்பி வரும். உங்கள் கதையில் தந்திப் பையன் ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்கிறான். டோரிஸுக்குக் கல்யாணம் ஆகாத நிலையில் அவன் அங்கே வர மாட்டான். அந்தக் காலத்தில் அவ்வளவு அவசரக் கல்யாணங்கள் ஏன் நடந்தன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும் 1940இல் 4,70,000 திருமணங்களுக்கு மேல் நடந்தன.

கல்யாணம் என்றால் நடைமுறை இப்படி. சர்ச்சில் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசித்து அறிவிப்பது பழைய வழி. விடுப்புக்கு வருகிறவனுக்கு அவ்வளவு நாள் இருக்காது. லைசென்ஸ் எடுத்துப் பதிவு அலுவலகத்தில் முடிக்கலாம், ஆனால் இருவரில் ஒருவராவது அந்தப் பகுதியில் 15 நாள் குடியிருந்திருக்க வேண்டும். ஹாஸ்டலில் இருக்கும் டோரிஸுக்கு அது இயல்பாகவே பூர்த்தியாகும். பிறகு இடையே முழுதாக ஒரு நாள் விட்டுத் திருமணம். 48 மணிநேர பாஸில் இதை முடிக்க வேண்டுமென்றால், அவன் வருவதற்கு முன்பே மனுப் போட்டிருக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேரே பதிவு அலுவலகத்துக்கு ஓட வேண்டும், பெரும்பாலும் தோழி துணையோடு. உடைக்கு வருவோம். 1941 ஜூன் 1 முதல் துணிக்குக் கூப்பன், முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66. ஒரு கம்பளி உடைக்கு 11, காலணிக்கு 5. புது வெள்ளைக் கவுன் தைப்பது ஊதாரித்தனம். ஒரே கவுன் இடுப்பைப் பிடித்தும் விட்டும் அறை அறையாகச் சுற்றும். கேக் மேல் சர்க்கரைப் பூச்சு 1940 ஆகஸ்டிலேயே தடை. சின்னக் கேக்கின் மேல் மூன்றடுக்கு அட்டைக் கூடு ஒன்றை வாடகைக்கு வாங்கிக் கவிழ்ப்பார்கள், போட்டோவுக்குப் பிறகு கூட்டைத் திருப்பித் தர வேண்டும். சீனி, வெண்ணெய், முட்டை எல்லாம் தோழிகளின் ரேஷனிலிருந்து சேர்த்தவை.

பெக்கிக்கு வருவோம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவு குற்றம். பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உறவைச் சட்டம் ஒருபோதும் குற்றமாக்கவில்லை. 1921இல் குற்றமாக்க ஒரு முயற்சி நடந்தது. கீழவை ஏற்றுக்கொண்டது, பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. தள்ளியதற்குச் சொன்ன காரணம்: சட்டத்தில் எழுதினால் இதுவரை கேள்வியே படாத பெண்களுக்கு அது தெரிந்துவிடும்! ஆகவே பெக்கியைப் போலீஸ் பிடிக்கும் என்று எழுதாதீர்கள். அவளுக்கு இருந்த பயம் வேறு. ஊர்ப் பேச்சு, வீட்டுக்குத் தகவல் போவது, ஹாஸ்டலிலிருந்து வெளியே அனுப்பப்படுவது. அதற்கும் முன்னால், தனக்கு நேர்வது என்ன என்று சொல்ல அவளிடம் ஒரு சொல் இல்லாமல் இருந்திருக்கலாம். ‘லெஸ்பியன்’ என்ற சொல் அவள் மாதிரிப் பெண்ணின் வாயில் அன்று இயல்பாக வராது. அறைக்கு இருவர் என்பது ஹாஸ்டல் வழக்கம். வீடுகளில் தங்கவைத்தால் ஒரே கட்டிலில் இருவர் படுப்பதும் உண்டு. குளிர் வேறு. இரண்டு பெண்கள் கைகோத்து நடப்பது, சேர்ந்து ஆடுவது, ஒரே கட்டிலில் தூங்குவது எல்லாமே எல்லோரும் செய்தவை. எனவே பெக்கியின் சிக்கல், மறைப்பதற்கு இடம் இல்லாததில் இல்லை. அவள் செய்வதும் மற்றவர்கள் செய்வதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகவே இருக்கிறது. டோரிஸுக்கே வித்தியாசம் தெரியாமல் போகலாம். நான் எழுதினால் இதைத்தான் நாவலின் மையமாக வைப்பேன்.

அமெரிக்கச் சிப்பாய் வேண்டும் என்றால் ஆண்டைத் திருத்துங்கள். முதல் படை 1942 ஜனவரி 26 அன்று வந்திறங்கியது வட அயர்லாந்தில். இங்கிலாந்துச் சிற்றூர்களில் அவர்கள் கண்ணில் படும்படி நிறைந்தது அதற்குப் பிறகுதான். ஸ்டோன் நகருக்கு அருகே யார்ன்ஃபீல்டில் ஆலைப் பெண்களுக்கென்று கட்டிய ஹாஸ்டல்களில் சிலவே பிறகு அமெரிக்க வான்படையின் கைக்குப் போயின, ஆக உங்கள் பகுதிக்கு இது நன்றாகவே பொருந்தும், 1943 என்று வைத்தால். அமெரிக்கன் கல்யாணம் செய்ய அவனுடைய தளபதியின் எழுத்து மூல அனுமதி வேண்டும். கறுப்பினச் சிப்பாய் வெள்ளைப் பெண்ணை மணக்கக் கேட்டால் அந்த அனுமதி அநேகமாகக் கிடைக்காது.

சம்பளம் பற்றி ஒரு வரி போதும். உலோக, இயந்திரத் தொழில்களில் 1944 ஜனவரியில் பெண்ணுக்கு வாரச் சராசரி ஏறத்தாழ 3 பவுண்ட் 10 ஷில்லிங், ஆணுக்கு 7 பவுண்ட். போர்க் காயத்துக்கான உதவித்தொகையிலும் வாரம் 7 ஷில்லிங் குறைத்தே பெண்ணுக்குக் கொடுத்தார்கள், 1943 ஏப்ரலில்தான் சமமாக்கினார்கள். ஒரே குண்டுவீச்சில் காயம்பட்ட பக்கத்து ஆணைவிட இவள் உடல் 7 ஷில்லிங் மலிவு என்பது ஹாஸ்டலில் பேச்சாக இல்லாமல் போகாது.

வெடிவிபத்துக் காட்சியில் ஒரு திருத்தம். நீங்கள் மறுநாள் பத்திரிகையில் ஆலையின் பெயரோடு செய்தி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆலை எங்கே இருக்கிறது என்பதே ரகசியம், தணிக்கை இருக்கும்போது பெயர் வெளிவராது. செய்தி பரவியது பஸ்ஸில். அடுத்த ஷிஃப்ட் பெண்கள் வந்து இறங்கும்போது எந்தக் கட்டடம் என்று கேட்பார்கள். எந்தக் கட்டடம் என்று தெரிந்தாலே யார் யார் என்பது தெரிந்துவிடும், ஏனென்றால் கதவில் எண்ணிக்கை எழுதியிருக்கிறதே. பிறகு அந்த வரிசையில் காலியான இருக்கையில் இன்னொருத்தி உட்கார வேண்டும்.

கடைசியாக, டோரிஸ் 1945இல் கணவன் ஊருக்குப் போவதை கோல்ட் மீஸ் நிலையத்தில் வைத்திருக்கிறீர்கள். பெட்டியோடு ஊர் போகிறவள் அங்கே ஏற மாட்டாள். அந்த ரயில் ஷிஃப்டுக்கு மட்டும் ஓடுவது. ஸ்டோன் நிலையத்துக்கு மாற்றுங்கள். வழியனுப்ப பெக்கி வர வேண்டும் என்றால், அன்று அவள் எந்த ஷிஃப்ட் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பகல் ஷிஃப்ட் என்றால் ஒன்றரை மணிக்கு மேல் பிளாட்ஃபாரத்தில் நிற்க அவளால் முடியாது.